மண் சுவருக்கு சிமெண்ட் பூசிய கதை

நமது இதழில் பருப்பு விலை, வரிக் கணக்கு, எடைக்கல் முத்திரை பற்றியெல்லாம் கட்டுரைகள் வருகின்றன. வீட்டைப் பழுது பார்த்த கதைக்கு இதில் என்ன வேலை என்று வணிகப் பெருமக்கள் கேட்கக் கூடும். நம்மில் பலருக்கும் முன்பக்கம் கடை, நடுவில் சரக்கு அறை, பின்பக்கம் குடித்தனம் என்றுதான் வாழ்க்கை அமைந்திருக்கிறது. சுவரில் ஈரம் ஏறினால் முதலில் கெடுவது நம் மூட்டைதான். பூர்வீக வீட்டைத் திருத்திக் குடியேறப் போய், 2022ஆம் வருஷத்து மழைக்காலத்தில் எனக்கு ஏற்பட்ட நஷ்டத்தையும், பிறகு அதைச் சரி செய்த விதத்தையும் உள்ளபடி எழுதுகிறேன். பழைய வீடு வைத்திருக்கும் உறுப்பினர்கள் கொத்தனாருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் இதை ஒரு முறை படித்துவிட்டால் நல்லது.

எங்கள் ஊர் ஜமுனாமரத்தூர். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஜவ்வாது மலையின் மேல் இருக்கிறது. போளூரிலிருந்து மலைப்பாதையில் ஏறி வரவேண்டும். மறுபக்கம் இறங்கினால் ஆலங்காயம், வாணியம்பாடி. சுற்றிலும் உள்ள கிராமங்களில் வாழ்பவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி மக்கள். பெயரைக் கேட்டுக் கேரளத்தவர் என்று எண்ணிவிட வேண்டாம். மலையில் வாழ்வதால் வந்த பெயர், பேசுவது தமிழ்தான். சாமை, புளி, கடுக்காய், தேன், சீத்தாப்பழம் இவையெல்லாம் மேலிருந்து கீழே போகிற சரக்கு. உப்பு, மிளகாய், சர்க்கரை, எண்ணெய் கீழிருந்து மேலே வருகிற சரக்கு. என் தாத்தா போளூர்ப் பக்கத்திலிருந்து இந்தப் பண்டமாற்றுக்காகத்தான் மேலே வந்தார். சாலை சரியாக இல்லாத நாளில் உப்பு மூட்டை எப்படி ஏறியது என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இப்போது போளூரில் காலையில் போன் செய்தால் மத்தியானம் வேன் வந்து நிற்கிறது.

தாத்தா கட்டிய வீடு ஒன்றே முக்கால் அடி கனமுள்ள மண் சுவர் வீடு. முன்னால் திண்ணை, அதுவே கடை. உள்ளே ஒரு தாழ்வாரம், அதை ஒட்டிப் பெரிய சரக்கு அறை, அதன் மேல் பரண். சரக்கு அறைச் சுவரின் உச்சியில், கூரைக்குச் சற்றுக் கீழே, கை நுழையும் அளவுக்கு வரிசையாகத் துவாரங்கள் விட்டிருந்தார்கள். சிறு வயதில் அதில் குருவி கூடு கட்டும். அவை எதற்கு என்று நான் யாரையும் கேட்டதில்லை. பொங்கலுக்கு முன் அம்மாவும் அத்தையும் செம்மண்ணில் உமி பிசைந்து, உதிர்ந்த இடங்களைப் பூசிச் சுண்ணாம்பு அடிப்பார்கள். வருஷா வருஷம் நடந்த வேலை அது.

அப்பா 2009இல் காலமானார். நான் அதற்கு முன்பே பஸ் நிற்கும் இடத்தருகில் வாடகைக் கடைக்கு மாறியிருந்தேன். அம்மாவையும் எங்களோடு வாடகை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். பூர்வீக வீடு பன்னிரண்டு வருஷம் பூட்டிக் கிடந்தது. கடை வாடகை, வீட்டு வாடகை, கிடங்கு வாடகை என்று மாதம் மூன்று இடத்துக்குப் பணம் கட்டிக்கொண்டு, சொந்த வீட்டைக் கறையானுக்கு விட்டு வைத்திருந்தேன். கணக்கு எழுதுகிறவன் செய்கிற காரியமா இது என்று என் மனைவி கேட்டதில் நியாயம் இருந்தது. அம்மாவோ வேறு மாதிரி கேட்டார். "நான் சாகறதுக்குள்ள என் அடுப்படிக்கு என்னைக் கூட்டிக்கிட்டுப் போயிடுடா" என்றார். 2021 கடைசியில் முடிவு செய்தோம்.

முதலில் பங்கு

சாவியை எடுக்கும் முன் தீர்க்க வேண்டியது பங்கு விவகாரம். நாங்கள் மூன்று பேர். அக்கா ஆரணியில் இருக்கிறார். தம்பி பெங்களூரில் வேலை பார்க்கிறான். தம்பி, "நீயே வெச்சுக்கோண்ணா, எனக்குப் பணம் அவசரமில்லை" என்று சொல்லிவிட்டான். அக்கா தன் பங்கைக் கேட்டார். கல்யாணத்தில் நகை போட்டு அனுப்பியாயிற்றே, இன்னும் என்ன பங்கு என்று நான் சற்று வேகமாகப் பேசிவிட்டேன். வக்கீல் என்னை உட்கார வைத்து விளக்கினார். வீடு தாத்தா அப்பா பெயருக்கு எழுதிக் கொடுத்த தனிச் சொத்து. அப்பா உயில் எழுதவில்லை. 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே அம்மா, இரண்டு மகன்கள், ஒரு மகள் நான்கு பேருக்கும் சம பங்கு. கூட்டுக் குடும்பச் சொத்தாக இருந்தாலும் 2005ஆம் வருஷத்துத் திருத்தமும், 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பும் மகளுக்கு மகனோடு சம உரிமை தந்துவிட்டன. நகை போட்ட கணக்கு இதில் சேராது. (இந்த 1956 சட்டம் பழங்குடியினருக்கு நேரடியாகப் பொருந்தாது. மலையில் உள்ள நம் பழங்குடி வியாபாரிகள் தங்கள் விஷயத்தைத் தனியாக வக்கீலிடம் கேட்டுக் கொள்ளவும்.)

அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். ஊர்ப் பெரியவர் ஒருவரையும் பத்திர எழுத்தரையும் வைத்து மதிப்புப் போட்டு, அவர் பங்கை மூன்று தவணையில் கொடுப்பதாகப் பேசி, கடைசித் தவணை முடிந்த அன்று அக்காவும் தம்பியும் விடுதலைப் பத்திரம் பதிவு செய்து கொடுத்தார்கள். அம்மாவின் பங்கு அம்மா பெயரிலேயே இருக்கிறது. நம் மாநிலத்தில் குடும்பத்தாருக்குள் எழுதிக்கொள்ளும் பாகப்பிரிவினை, விடுதலை, செட்டில்மெண்ட் பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. 2023 ஜூலையில் அந்த உச்சவரம்பை 25,000 ரூபாயிலிருந்து 40,000 ஆக்கினார்கள். நீங்கள் பதிவு செய்யும் நாளில் உள்ள கட்டணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு போங்கள்.

பங்கு தீராத வீடு என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே பெரிய உதாரணம் செட்டிநாடு. பர்மா, மலேயா என்று கடல் கடந்து வணிகம் செய்தவர்கள் பர்மாத் தேக்கும் ஆத்தங்குடிக் கல்லும் போட்டுக் கட்டிய வீடுகள் அவை. செட்டிநாட்டு ஊர்களை 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்தார்கள். அப்பேர்ப்பட்ட வீடுகளில் பல, பங்காளிகள் பலராகி யாரும் செலவு செய்ய முன்வராமல் பிரித்து விற்கப்பட்டன. காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால் பழைய சாமான் கடைகளில் அந்த வீட்டுக் கதவுகளும் தூண்களும் விலைக்கு நிற்கின்றன. எங்கள் மண் வீட்டில் அப்படி விற்க ஒரு தூண்கூடத் தேறாது என்பது வேறு விஷயம்.

ஒரு மழைக்காலத்தில் போன சரக்கு

பங்குப் பேச்சு முடிந்த தெம்பில் 2022 சித்திரையில் வேலையைத் தொடங்கினேன். கீழேயிருந்து ஒரு மேஸ்திரியை அழைத்து வந்தேன். நல்ல வேலைக்காரர்தான், செங்கல் வீட்டு வேலை தெரிந்தவர். மண் சுவரைப் பார்த்ததும், "உள்ளேயும் வெளியேயும் சிமெண்ட் பூச்சு கொடுத்துடுவோம், அம்பது வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம்" என்றார். எனக்கும் அதுதான் ஆசை. சரக்கு அறைக்கு உள்ளும் புறமும் சிமெண்ட். தரையில் வழவழப்பான டைல்ஸ். எலி வருகிறது என்று மேலே இருந்த துவாரங்களை நானே சொல்லி அடைக்க வைத்தேன். சுமார் 1,85,000 ரூபாய் செலவாயிற்று. ஆவணியில் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் புது வீடு மாதிரி இருக்கிறது என்றார்கள். குடியேறுவதைத் தை மாதத்துக்கு வைத்துக்கொண்டு, கிடங்கு வாடகையை மிச்சப்படுத்தலாமே என்று சரக்கை மட்டும் உடனே மாற்றினேன்.

எங்கள் மலையில் மழை இரண்டு பருவத்திலும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். பக்கத்தில் காவலூரில் வானம் தெளிவாக இருக்கும் என்று பார்த்துத்தான் வைணு பாப்பு அவர்கள் வான் ஆய்வுக்கூடத்துக்கு இடம் தேர்ந்தெடுத்தார். 1986இல் அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கியை ராஜீவ் காந்தி திறந்து வைத்தார். அந்த ஆய்வுக்கூடமே மழை மாதங்களில் கண்ணை மூடிக்கொண்டுதான் இருக்கும் என்றால் என் சரக்கு அறையின் நிலைமையை யோசித்துக்கொள்ளுங்கள்.

வாடையை முதலில் கண்டுபிடித்தவள் என் மனைவி. "ஏங்க, உள்ள ஏதோ ஊசின வாடை வருது" என்றாள். எலி செத்திருக்கும் என்று சொல்லிவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். நான்கு நாள் கழித்துச் சாமை மூட்டை ஒன்றைத் தூக்கினேன். அடிப்பக்கச் சாக்கு தரையிலேயே ஒட்டிக்கொண்டு, சாமை கொட்டியது. கட்டி கட்டியாகப் பச்சை பூத்திருந்தது. அடி வரிசையில் ஒன்பது மூட்டை சாமை, நான்கு மூட்டை சர்க்கரை, உப்பு எல்லாம் போயிற்று. வெல்லம் இளகிப் பாகாகி டைல்ஸ் மேல் ஓடியிருந்தது. வாங்கின விலைக்கு 41,000 ரூபாய் நஷ்டம். காப்பீட்டில் கேட்டேன். என் பாலிசி வெள்ளத்துக்கும் தீக்கும்தான். சிறிது சிறிதாக ஈரம் ஊறிக் கெட்டதற்குக் கிடையாது என்றார்கள். பாலிசிப் படிவத்தில் கட்டடம் மண் சுவரா, செங்கல்லா என்று கேட்கும் இடத்தில் உண்மையை எழுத வேண்டும் என்பதையும் அன்றுதான் கவனித்தேன். உண்மையை மறைத்தால், கிடைக்க வேண்டிய நஷ்ட ஈடும் கிடைக்காமல் போகும்.

எனக்குச் சாமை கொண்டுவந்து போடும் பெரியவர் ஒருவர், மலைக் கிராமத்துக்காரர், தன் வீட்டைத் தானே கட்டிக்கொண்டவர். சுவரைக் கையால் தட்டிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் பொள்ளென்று சத்தம் கேட்டது. "தம்பி, செவுத்துக்கு மழைக்கோட்டு மாட்டி வுட்டுட்டே. உள்ள வேர்க்குது, வெளிய போக வழியில்லே" என்றார். அந்த இடத்தில் ஓர் அடிச் சதுரம் கொத்திப் பார்த்தோம். சிமெண்ட் பூச்சு தகடு போலக் கழன்று வந்தது. பின்னால் இருந்த மண், பிசைந்த களியாக விரலுக்கு நுழைந்தது.

விஷயம் இதுதான். மண் சுவர் தரையிலிருந்தும் மழையிலிருந்தும் கொஞ்சம் ஈரத்தைக் குடிக்கும். வெயில் வந்ததும் தன் முகத்தின் வழியாகவே அதை வெளியே விட்டுவிடும். ஈரத்துக்கும் வெயிலுக்கும் சற்று உப்பிச் சுருங்கும். மேலே பூசிய சிமெண்ட் கெட்டியானது, அதோடு சேர்ந்து அசையாது. ஆகவே மயிரிழை வெடிப்பு விடும். வெடிப்பு வழியே மழை நீர் உள்ளே போகும், போன நீர் திரும்பி வர வழி இல்லை. தரையில் டைல்ஸ் போட்டதால் கீழே இருந்த ஈரமும் சுவரோரமாக ஒதுங்கி மேலே ஏறுகிறது. துவாரத்தை அடைத்ததால் அறைக் காற்றும் மாறவில்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக்கொள்ளும் என்பது நமக்குத் தெரிந்த சங்கதி. சர்க்கரையும் வெல்லமும் அதற்கு இளைத்தவை அல்ல. தாத்தா விட்டிருந்த துவாரங்கள் குருவிக்காக விட்டவை அல்ல என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

புதுச்சேரியில் பார்த்தது

சரக்கு போனது ஒரு பக்கம் இருக்க, தெற்குச் சுவர் வயிறு தள்ள ஆரம்பித்தது. சவுக்குக் கழிகளை முட்டுக் கொடுத்துவிட்டு, இடித்துத் தள்ளிச் செங்கல்லில் கட்டிவிடலாமா என்று யோசித்தேன். அந்தச் சமயம் மைத்துனர் வீட்டுக்குப் புதுச்சேரி போக வேண்டியிருந்தது. அங்கே பழைய வீடுகளைத் திருத்துகிற கொத்தனார்கள் இருக்கிறார்கள், பார்த்துவிட்டு வாருங்கள் என்று அவர்தான் சொன்னார்.

கடற்கரைச் சாலையில் மேரி என்று சொல்லும் பழைய நகர மன்றக் கட்டடம் இருந்தது. பிரெஞ்சுக்காரர் காலத்தில், 1870களின் தொடக்கத்தில் கட்டியது. சரியான பராமரிப்பில்லாமல் நெடுங்காலம் சிதிலமாகிக் கிடந்து, 2014 நவம்பர் 29 அன்று மழையில் அப்படியே சரிந்து விழுந்தது. பிறகு பழைய அமைப்பிலேயே திரும்பக் கட்டி 2021இல் திறந்தார்கள். அவ்வளவு பெரிய கட்டடத்துக்கே அந்தக் கதி. அதே ஊரில் தமிழர் பகுதியில் வைசியாள் வீதி இருக்கிறது. பெயரே சொல்வது போல அது வியாபாரிகள் தெரு. வீட்டுக்கு வீடு திண்ணையும் மரத்தூண் தாழ்வாரமுமாக, நாம் பார்த்துப் பழகிய அமைப்பு. 2002 முதல் 2004 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏசியா அர்ப்ஸ் திட்டத்தில் இன்டாக் அமைப்பு அந்தத் தெருவின் வீட்டு முகப்புகளைச் சீர் செய்தது. அவை மண் வீடுகள் அல்ல, செங்கல்லும் சுண்ணாம்பும்தான். என்றாலும் பழைய சுவருக்கு எதைப் பூசலாம் என்று தெரிந்தவர்கள் அந்த ஊரில்தான் மிஞ்சியிருக்கிறார்கள். தெருவைச் சுற்றி வந்ததில் வயதான சுண்ணாம்புக் கொத்தனார் ஒருவர் பிடிபட்டார். நான் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டுக் கடைசியில், "சிமெண்டை எடுத்துட்டு ஒரு கோடை முழுக்கச் செவுத்தைச் சும்மா விடு. அவசரப்பட்டா மறுபடியும் காசு போகும்" என்றார். அவருடைய சீடப்பிள்ளை ஒருவர் எங்கள் ஊருக்கு வந்து வேலையைச் செய்து கொடுத்தார்.

2023 மாசி தொடங்கி வைகாசி வரை சுவர் நிர்வாணமாக நின்றது. அந்த நாலு மாதமும் கிடங்கு வாடகை மறுபடி கட்டினேன். அடைத்த துவாரங்களைத் திறந்து, எலிக்குக் கம்பி வலை மட்டும் அடித்தோம். டைல்ஸைச் சுவரோரம் ஒரு அடி அகலத்துக்குப் பெயர்த்து ஜல்லி போட்டோம். இன்னொன்றையும் அப்போதுதான் அளந்து பார்த்தேன். ரோடு போடப் போட உயர்ந்து, எங்கள் வீட்டுத் தரையைவிட வெளி மண் அரை அடி மேலே இருந்தது. தெரு நீரெல்லாம் சுவர்க்காலில் நிற்கிறது. அந்த மண்ணை வெட்டி எடுத்து, சுவரை விட்டு இரண்டடி தள்ளி நீர் ஓடச் சரிவாக வாய்க்கால் எடுத்தோம். மூன்று கூலியாள், இரண்டு நாள். இதற்கு ஆன செலவு முழுச் செலவில் நூற்றில் ஒரு பங்குகூட இராது. முதலிலேயே இதை மட்டும் செய்திருந்தால் பாதிச் சாமை தப்பியிருக்கும் என்பது என் கணிப்பு.

பிறகு பூச்சு. செம்மண், மணல், உமி, கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்து முதல் கை. அதைக் கீறிவிட்டு, காய்ந்த பின் மேலே சுண்ணாம்புச் சாந்து. சாந்துக்கு வேண்டிய சாமான் பட்டியலைக் கொத்தனார் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடுக்காய், வெல்லம். இரண்டும் என் கடைச் சரக்கு. கடுக்காய் எங்கள் மலையிலேயே சேகரமாகி வருவது. இளகிப்போன வெல்லத்தைக் கொட்ட மனமில்லாமல் இரண்டு டிரம்மில் வைத்திருந்தேன். அது அத்தனையும் சுவருக்கே போயிற்று. கடுக்காயை இடித்து, வெல்லத்தோடு தண்ணீரில் பத்துப் பதினைந்து நாள் ஊற வைத்து, புளித்த அந்த நீரைச் சாந்தில் ஊற்றிக் குழைத்தார்கள். கடுக்காயின் துவர்ப்பும் வெல்லமும் சாந்தை இழைய வைத்துப் பிடிமானம் கொடுக்கும் என்றார் கொத்தனார். கடைக்கு வந்தவர்கள் சாராயம் காய்ச்சுகிறீர்களா என்று கேட்கும் அளவுக்கு வாசனை அடித்தது.

ஓர் எச்சரிக்கை. சுட்ட சுண்ணாம்பை நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வை போகும். தொட்டியில் முதலில் தண்ணீரை நிரப்பி, அதில் சிறிது சிறிதாகச் சுண்ணாம்பைப் போட வேண்டும். சுண்ணாம்பைக் குவித்து மேலே தண்ணீரைக் கொட்டக் கூடாது. பிள்ளைகளைக் கிட்டே விட வேண்டாம். நீற்றிய சுண்ணாம்பைச் சில வாரமாவது தண்ணீருக்குள்ளேயே வைத்திருந்து எடுத்தால்தான் பூச்சில் கொப்புளம் வராது. சிமெண்ட் மாதிரி மறுநாளே இறுகாது. காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் சுண்ணாம்பு கல்லாகிறது, அதற்கு வாரக்கணக்கில் ஆகும். வெயில் நேரே படாமல் பழைய சணல் சாக்குகளை நனைத்துத் தொங்கவிட்டோம். நம் கடையில் சாக்குக்கா பஞ்சம்?

கூரை வேலையை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. அப்பா காலத்தில் நாட்டு ஓட்டை மாற்றிப் போட்ட மங்களூர் ஓடு. (1865இல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து வந்த பெயர் இது. இப்போது எங்கே செய்தாலும் மங்களூர் ஓடுதான்.) ஒவ்வொன்றாக இறக்கி விரலால் சுண்டினோம். கணீரென்றால் நல்லது, மொக்கைச் சத்தம் என்றால் வெடிப்பு. முக்கால்வாசி தேறியது. சுவருக்குள் புதைந்திருந்த கைமர நுனிகளைக் கறையான் தின்றிருந்ததால் அவற்றை அறுத்து ஒட்டுப் போட்டு, கூரையை இரண்டடி வெளியே நீட்டினோம். மழை சுவரில் அடிக்காமல் இருக்க அந்த நீட்டம்தான் முக்கியம். கறையான் மருந்தை வாசல் நிலைக்கும் வெளிப்பக்கத்துக்கும் மட்டும் வைத்தேன். தானியம் இருக்கும் அறைக்குள் அந்த மருந்தை யார் சொன்னாலும் அடிக்கக் கூடாது. மரத்தைப் பில்லோடு மட்டும் வாங்குங்கள். எங்கள் மலை சந்தனம் விளையும் மலை. சொந்தப் பட்டாவில் நிற்கிற சந்தன மரமானாலும் வனத்துறையைக் கேட்காமல் கை வைக்கக் கூடாது.

மொத்தக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். சிமெண்ட் பூசியது 1,85,000. அதைக் கொத்தி எடுத்த கூலி 22,000. கெட்ட சரக்கு 41,000. சுண்ணாம்பு வேலையும் கூரையும் சேர்ந்து 3,10,000. அக்காவின் பங்கு இதில் சேரவில்லை. முதல் மூன்று தொகையும் என் அவசரத்துக்குக் கொடுத்த விலை.

கடையை இடம் மாற்றியதில் சில எழுத்து வேலைகளும் உண்டு. ஜி.எஸ்.டி. பதிவில் முகவரி மாற்றத்தை 15 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். உணவுப் பாதுகாப்புப் பதிவிலும் முகவரியை மாற்ற வேண்டும். வீட்டு மின் இணைப்பிலேயே கடைக்கும் விளக்கு எரிக்கக் கூடாது, கடைக்குத் தனியாக வணிக இணைப்பு வாங்க வேண்டும். பழுது பார்த்த பில்லில் உள்ள வரியைத் திரும்ப எடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். சாதாரண முறையில் வரி கட்டுகிறவர், கடைப் பகுதிக்குச் செய்த பழுதுவேலையை வருவாய்ச் செலவில் எழுதினால் எடுக்க இடமுண்டு. கட்டடத்தின் மதிப்போடு சேர்த்து மூலதனமாகக் காட்டினால் 17(5)ஆம் பிரிவு தடுக்கும். குடித்தனப் பகுதிக்குக் கிடையாது. காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கும் கிடையாது. ஆகவே கொத்தனாரிடமும் ஹார்டுவேர் கடையிலும் கடைக்குத் தனி, வீட்டுக்குத் தனி என்று பில் வாங்குங்கள். நான் வாங்கவில்லை; ஆடிட்டரிடம் திட்டு வாங்கினேன்.

2024 தை மாதம் பால் காய்ச்சிக் குடியேறினோம். அம்மாவுக்கு வயது 82. கேஸ் அடுப்பை வைத்தாலும் தன் பழைய அடுப்பை இடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார், அப்படியே இருக்கிறது. சரக்கு அறையில் மூட்டைகளை இப்போது தரையில் வைப்பதில்லை. மரச்சட்டத்தில் தட்டுப் போட்டு அதன் மேல்தான் அடுக்கு. சுவருக்கும் அடுக்குக்கும் நடுவில் ஒரு ஆள் போய் வர இரண்டடி இடம். நான்கு மூட்டை குறைவாகத்தான் கொள்ளுகிறது. பரவாயில்லை.

அந்த வருஷமே பரீட்சை வந்துவிட்டது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து நம் பக்கம் திரும்பியது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. திருவண்ணாமலையில் மலைச்சரிவு வீட்டின் மேல் விழுந்து ஏழு உயிர்கள் போயின. அந்த இரண்டு ராத்திரியும் டார்ச்சை எடுத்துக்கொண்டு மணிக்கு ஒரு தரம் சரக்கு அறைக்குப் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். அம்மா படுக்கையிலிருந்தே, "என்னடா, புள்ளைக்குக் காய்ச்சல் பாக்குற மாதிரி பாக்குற?" என்றார். வடகிழக்கு மூலையில் ஓடு ஒன்று விலகி ஒரு பக்கெட் தண்ணீர் ஒழுகியது. சுவரின் வெளிமுகம் ஆள் இடுப்பளவு நிறம் மாறியிருந்தது. வெயில் வந்த ஆறாம் நாள் மறுபடி வெளுத்துவிட்டது. சாமையை உள்ளங்கையில் அள்ளிப் பார்த்தேன், சலசலவென்று உதிர்ந்தது. சர்க்கரை மூட்டை ஒன்றுகூட இறுகவில்லை.

மேற்குச் சுவரின் வெளிப்பக்கத்தில் மட்டும் பழைய சிமெண்ட் இன்னும் இருக்கிறது. கையில் பணம் தீர்ந்துபோனதால் விட்டு வைத்தது. வருகிற மாசி பிறந்ததும் அதையும் கொத்தி எடுக்க ஆள் சொல்லியிருக்கிறேன். அதுவரை அந்தச் சுவரை ஒட்டி மூட்டை எதுவும் அடுக்குவதில்லை. காலி எண்ணெய் டின்களும் தாத்தாவின் பழைய தராசும்தான் அங்கே இருக்கின்றன.